ஐந்தாம் படிக்கும் ஆறாம் படிக்கும் நடுவில்

"சனிக்கிழமை நாலு மணிக்கு வர்றேன். டீ வேண்டாம்." அக்கா அனுப்பியிருந்தது இவ்வளவுதான். ஆறு வருஷத்துல அவகிட்டேர்ந்து வந்த முதல் தகவல். எங்க அக்கா டீ வேண்டாம்னு சொன்னா உட்காரப் போறதில்லைன்னு அர்த்தம். வீட்டைக் காலி பண்ணிட்டு மகனோட இருக்கக் கண்காணாத ஊருக்குப் போறா. போறதுக்கு முன்னால கடமைக்கு ஒரு எட்டு தலையைக் காட்டிட்டுப் போகலாம்னு வர்றா. எனக்கு அவளைத் தெரியாதா என்ன.

எங்களுக்குள்ள என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால அத்தான் உடம்பு முடியாம வீட்டுல படுத்திருந்தார். அக்கா எனக்கு ஒரு மெயில் போட்டா. "தனியா இருக்கப் பயமா இருக்கு. வந்து பக்கத்துல உட்காரு. ஒண்ணும் செய்ய வேண்டாம்." மூணு நாள் கழிச்சு நான் பதில் எழுத உட்கார்ந்தேன். மூணு நாள் ஆச்சுதான், ஒத்துக்கறேன். ஆனா எழுதினேன். நாலு பக்கம் எழுதினேன். இன்னிக்கே கிளம்பறேன்னு எழுதினேன். அனுப்பறதுக்குள்ள அத்தான் போயிட்டார்.

வந்த கூட்டமெல்லாம் கலைஞ்ச அன்னிக்கு, பாத்திரம் கழுவிகிட்டிருந்த என் பக்கத்துல வந்து நின்னுகிட்டு, ஒரு வரி எழுதத் தோணலையாடி உனக்குன்னு கேட்டா. நாலு பக்கம், இன்னிக்கே கிளம்பறேன்னு எழுதினேன்னேன். காட்டுன்னா. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல தேடினேன். இல்லை. மறுபடியும் தேடினேன். இல்லவே இல்லை. அதை அவகிட்ட போன்ல சொன்னப்போ ஒரு மாதிரி சிரிச்சா பாருங்க, அதுக்கு அவ என்னை அறைஞ்சிருக்கலாம். எனக்கும் மூக்குக்கு மேல கோபம் வந்துச்சு. நான் பொய் சொல்றேன்னு நினைக்கறவளோட எனக்கு என்ன பேச்சுன்னு போனை வச்சவதான்.

அதுக்கப்புறம் ஆறு வருஷமா தேடறேன். எதையும் முதல்ல தனியா ஒரு பக்கத்துல எழுதி, திருத்தி, அப்புறம்தான் மெயில்ல கொண்டுபோய் ஒட்டுவேன். தொழில் புத்தி. அதனால அந்தப் பக்கம் எங்கயாவது இருந்துதான் ஆகணும். கீழே இருக்கற தேடல் பெட்டியில "பயமா"ன்னு போடுவேன், "கிளம்பறேன்"னு போடுவேன், "அத்தான்"னு போடுவேன். 'பொருந்தும் எதுவும் கிடைக்கவில்லை' அப்படின்னு வரும். அந்த வாக்கியத்தை எழுதினதே நான்தான். நானே எழுதின வரியை நானே வாங்கிக் கட்டிகிட்டு உட்கார்ந்திருப்பேன்.

என் தொழில் அது. சாமான் வாங்கினா பெட்டிக்குள்ள ஒரு புத்தகம் இருக்குமே, யாரும் பிரிச்சுப் பார்க்காத புத்தகம், அதைத் தமிழ்ல எழுதறவ நான். வாஷிங் மெஷின், ஹீட்டர், தலைமுடி காய வைக்கற மெஷின், கம்ப்யூட்டர், அதோட திரையில வர்ற வரிகள், எதுவும் விடறதில்லை. என் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். நான் எழுதினதை அவர்கூடப் படிக்க மாட்டார். நீ நினைச்சதையும் எழுதினதையும் எப்பவும் கலந்துடுவே, அந்த லெட்டரையும் நீ மனசுக்குள்ளதான் எழுதியிருப்பேன்னு ஒரு நாள் சொன்னார். அன்னிக்கு அவர்கிட்ட சண்டை போட்டேன். ஆனா வருஷம் ஆக ஆக எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. பகல்ல ரெண்டு நிமிஷம் கண்ணை மூடினாலும் கனவு வர்ற ஜாதி நான். நிஜமாவே எழுதினேனா, இல்ல கனவுல எழுதினேனா? கூடப்பிறந்தவ பயமா இருக்குன்னு சொன்னதுக்குப் பதில்கூட எழுதாதவளா நான்? இதுதான் ஆறு வருஷமா என்னை அரிச்சுகிட்டிருந்தது.

சனிக்கிழமை காலையில அக்கா வர்ற பதட்டத்துல கையும் ஓடல காலும் ஓடல. வேலையிலயாவது மனசைத் திருப்புவோம்னு கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்தேன். பழைய கம்ப்யூட்டர் கையேட்டோட புதுப் பதிப்பு வந்திருந்துச்சு. மாறின வரிகளை மட்டும் திருத்திக் கொடுக்கணும். முதல்ல வந்த பக்கமே தேடலைப் பத்தினது. ஆறு வருஷத்துக்கு முன்னால நான் எழுதினதை எடுத்துப் பக்கத்துல வச்சுகிட்டேன்.

நாம என்ன நினைக்கறோம்? பெட்டியில ஒரு வார்த்தையைத் தட்டினா கம்ப்யூட்டர் மூலை முடுக்கெல்லாம் ஓடித் தேடுதுன்னு. தேடாது. அது சும்மா இருக்கற நேரத்துல ஒவ்வொரு ஃபைலா திறந்து படிச்சு, எந்த வார்த்தை எதுல இருக்குன்னு ஒரு பட்டியல் எழுதி வச்சுக்கும். நாம கேட்கும்போது அந்தப் பட்டியலைத்தான் புரட்டும். எந்தெந்த ஃபோல்டரைப் படிக்கணும்னு ஒரு அமைப்புல டிக் போட்டுச் சொல்லியிருக்கணும். டிக் இல்லாத ஃபோல்டரை அது எட்டிக்கூடப் பார்க்காது. இல்லைன்னு அது சொன்னா, என் பட்டியல்ல இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம். இதையெல்லாம் விளக்கி விளக்கி நான்தான் எழுதியிருக்கேன், வெட்கக்கேடு.

எனக்கு ஒரு பழக்கம். எந்தப் படியை எழுதறேனோ அந்தப் படியை நானே செஞ்சு பார்த்துட்டுத்தான் எழுதுவேன். வாஷிங் மெஷினை வெறுமனே ஓட விட்டிருக்கேன். ஹீட்டரைக் கழட்டி மாட்டியிருக்கேன். செஞ்சு பார்க்காத வேலைக்கு என் கை வரி எழுதாது. அன்னிக்கும் படியைப் படிக்கப் படிக்க மவுஸை நகர்த்திகிட்டே வந்தேன். 'படி 5: தேடலில் இடம்பெற வேண்டாத கோப்புறைக்கு எதிரே உள்ள டிக் குறியை நீக்கவும்.' உதாரணத்துக்கு என் 'வேலை' ஃபோல்டரையே எடுத்துக்கலாம்னு பட்டியலைத் திறந்தேன்.

டிக் ஏற்கெனவே எடுத்திருந்துச்சு.

தூக்கிவாரிப் போட்டுது எனக்கு. அடுத்த வரியைப் படிச்சேன். 'படி 6: மாற்றத்தைக் கண்ட பின், டிக் குறியை மீண்டும் இடவும்.' அஞ்சாவது படியைச் செஞ்சிருக்கேன். ஆறாவது படியைச் செய்யல; அந்த வாரம் அங்கேர்ந்து மீதியைக் கம்பெனியில வேற யாரோதான் எழுதி முடிச்சாங்க. ஆறு வருஷமா இந்தக் கம்ப்யூட்டர் அஞ்சாவது படியிலயே நிக்குது. வேலை ஃபைலை நான் தேடி எடுக்கறதே கிடையாது, கம்பெனிக்காரங்க கொடுக்கற நம்பரைப் பார்த்துத்தான் எடுப்பேன், அதனால இது கண்ணுல படவே இல்லை. லெட்டரை எழுதினது இந்த வேலைக்கு நடுவுல. நடுவுல எழுதறது எல்லாம் தன்னால வேலை ஃபோல்டருக்குள்ளதான் போய் விழும். நான் கண்ட கண்ட இடத்துல தேடிட்டேன், அது இருக்கற இடத்துல மட்டும் தேடச் சொல்லவே இல்லை.

உடனே டிக்கைப் போட்டேன். மணி பதினொண்ணு. ஒவ்வொண்ணா திறந்து பார்த்துடலாம்னா, பக்கத்துக்கு ஒரு ஃபைல்னு பதினோராயிரம் இருக்கு. எழுத்துரு மாத்தற ஒரு ப்ரோக்ராம் எல்லாத்தையும் ஒரே நாள்ல திறந்து மூடினதால தேதியும் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். பேசாம அதையே படிக்க விட வேண்டியதுதான். படிச்ச ஃபைலோட எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சுது. நாற்பது. அறுபத்திரண்டு. நான் பொறுக்க முடியாம மவுஸை ஆட்டிப் பார்ப்பேன், அது உடனே நின்னுடும். 'பயனர் செயல்பாட்டின் காரணமாக வேகம் குறைக்கப்பட்டுள்ளது.' இதுவும் என் வாக்கியம்தான். நாம தொட்டுகிட்டே இருந்தா அது நமக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கும். கையை எடுத்துட்டா படிக்கும். ஆகமொத்தம், அது சீக்கிரம் முடிக்கணும்னா நான் ஒண்ணும் செய்யக் கூடாது.

ஒண்ணும் செய்யாம இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஜன்னல் பக்கம் சோபாவுல போய்ச் சாய்ஞ்சேன். கொடியில தொங்கின சட்டையோட நிழல் தரையில இப்படியும் அப்படியும் போய்கிட்டிருந்துச்சு. தூரத்துல யாரோ சுவத்துல ஓட்டை போட்டாங்க, நிறுத்தினாங்க, மறுபடியும் போட்டாங்க. ரெண்டாயிரம். ரெண்டாயிரத்து நூறு. கம்ப்யூட்டருக்குள்ளேர்ந்து கர் கர்னு லேசா ஒரு சத்தம். என் எழுத்தை ஒருத்தர் படிக்கறாங்கன்னு நினைச்சப்போ கூச்சமா இருந்துச்சு. இத்தனை வருஷத்துல என் புத்தகத்தை முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் படிக்கற ஒரே ஆள் அதுதான்.

எப்ப கண் அசந்தேன்னு தெரியல. ஒரு நீளமான வீடு. வெறுங்காலோட ஒருத்தி ஒவ்வொரு அறையா போறா. கதவைத் திறக்கறா, உள்ள இருக்கறதை வாய்விட்டுப் படிக்கறா, வெளிய வந்து கதவுல ஒரு டிக் போடறா. குரல் மட்டும் எனக்குக் கேட்குது. ஈரக் கையால் தொடாதீர்கள். மூடியைப் பலவந்தமாகத் திறக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது தனியாக விட்டுச் செல்லாதீர்கள். எல்லாம் என் வரிகள்தான், ஆனா எனக்கே சொல்ற மாதிரி இருந்துச்சு. நான் அவ பின்னாலயே போறேன். கடைசி அறைக் கதவுல டிக் இல்லை. உள்ள வெயில். அத்தான் பனியனோட உட்கார்ந்து நகம் வெட்டிகிட்டிருக்கார். என்னை நிமிர்ந்து பார்த்து, அவசரமில்லைம்மா, முடிச்சிட்டு வான்னு சொல்றார்.

அதுக்கு மேல என்னால தூங்க முடியல. முடிச்சிட்டு, அதுதான் வீட்டுல எனக்குப் பட்டப்பேர், அக்கா வச்சது. எதுக்குக் கூப்பிட்டாலும் இதை முடிச்சிட்டு வர்றேன்னு சொல்லுவேனாம். ஒரு தடவை சமையல்கட்டுல திரைச்சீலையில தீப்பிடிச்சு அவ அலறினப்போ, வகுத்தல் கணக்கை மீதி வர்ற வரைக்கும் போட்டுட்டுத்தான் எழுந்தேன். சாகற வரைக்கும் இதைச் சொல்லிக் காட்டுவா. அதாவது, பேசிகிட்டிருந்த வரைக்கும் சொல்லிக் காட்டினா.

மணி மூணு முப்பத்தஞ்சு. 'அட்டவணைப்படுத்தல் முடிந்தது'ன்னு நின்னுகிட்டிருந்துச்சு. "பயமா"ன்னு அடிச்சேன். ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. பேருகூட வைக்கல, 'ஆவணம் 3'. எழுதியிருக்கேன்! நான் எழுதியிருக்கேன்னு வெறும் அறையில சத்தமா சொன்னேன். அழுகையும் வந்துச்சு. அப்புறம்தான் திறந்தேன்.

நாலு பக்கம் இல்லை. அரைப் பக்கம்.

'அக்கா, பயமா இருக்குன்னு எழுதியிருக்கே. டாக்டர் கவலைப்பட ஒண்ணுமில்லைன்னுதானே சொன்னார்? இந்தக் கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்தாகணும். இன்னும் நாற்பது பக்கம் இருக்கு. அதை முடிச்சிட்டு வர்றேன். அடுத்த வாரம் இவருக்கு லீவு கிடைக்குமான்னு தெரியல, கிடைச்சா ரெண்டு பேருமா வர்றோம். அதுவரைக்கும் பக்கத்து வீட்டு டீச்சரைத் துணைக்கு வந்து இருக்கச் சொல்லு. இதெல்லாம் சாக்குன்னு எழுதும்போதே எனக்குத் தெரியுது. அக்கா, நான்'

அதோட நிக்குது. முற்றுப்புள்ளிகூட இல்லை. இன்னிக்கே கிளம்பறேங்கற வார்த்தை எங்கேயும் இல்லை. மேலயும் கீழயும் உருட்டி உருட்டிப் பார்த்தேன், வேற பக்கமே இல்லை. ஆறு வருஷமா நான் மனப்பாடமா சொல்லிகிட்டிருந்த அந்த லெட்டரை நான் எழுதவே இல்லை. டீச்சரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கச் சொல்லியிருக்கேன். என் மேல எனக்கே அவ்வளவு அருவருப்பா இருந்துச்சு.

இன்னும் இருபது நிமிஷம் இருந்துச்சு. அந்த 'நான்'க்குப் பக்கத்துல கோடு மினுக்கி மினுக்கிக் காத்துகிட்டு நின்னுச்சு. ரெண்டு வார்த்தை போதும். இன்னிக்கே கிளம்பறேன். மேலே இருக்கற சாக்கையெல்லாம் அழிச்சுட்டா எவ்வளவு அழகா இருக்கும்? யாருக்குத் தெரியப் போகுது? ஆறு வருஷமா நான் சொன்னதை நிஜமாக்கிடலாம், அக்காவும் நிம்மதியா ஊருக்குப் போவா. அடிச்சேன். நிஜமாவே அடிச்சேன். படிச்சுப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. அது ரொம்ப நல்லா இருந்ததுதான் எனக்குப் பொறுக்கல. ஒவ்வொரு எழுத்தா திரும்ப அழிச்சு, 'நான்'ல கொண்டுவந்து நிறுத்தினேன்.

சரியா நாலு மணிக்கு மணி அடிச்சுது. அக்காவுக்கு முடி முழுக்க நரைச்சிருந்துச்சு. தோள்ல பையை மாட்டினபடியே வாசலுக்குள்ள நின்னா. நல்லா இருக்கியான்னா. இருக்கேன்னேன். வீடு மாறவே இல்லைன்னா. நான் ஒண்ணும் விளக்கல. வான்னு மேஜைகிட்ட கூட்டிகிட்டுப் போய்த் திரையை அவ பக்கம் திருப்பினேன்.

பையிலேர்ந்து கண்ணாடியை எடுத்து மாட்டிகிட்டு, நின்னபடியே குனிஞ்சு படிச்சா. ஒரு தடவை முடிச்சுட்டு மேலேர்ந்து மறுபடியும் படிச்சா. டீச்சர் வரி வந்த இடத்துல மட்டும் உதடு லேசா கோணிச்சு.

"நாலு பக்கம்னு சொன்னியே"ன்னா.

"சொன்னேன். இல்லை. கிளம்பறேன்னும் எழுதல. எழுதினதா நானே நம்பிட்டேன் அக்கா."

அவ என்னைப் பார்க்கல. விரலைத் திரையில கடைசி வார்த்தைமேல வச்சா. "நான்னு நிக்குதே. அப்புறம் என்ன எழுதப் போனே?"

இன்னிக்கே கிளம்பறேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. "தெரியல. எனக்கு ஞாபகமே இல்லை. அதுக்குள்ள போன் அடிச்சுது."

"யாரு? வேலையா?"

"நீ."

விரலைத் திரையிலேர்ந்து எடுத்துட்டா. போன்ல அன்னிக்கு என்ன சொன்னாங்கறது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இது இவ்வளவு நாள் எங்க இருந்துச்சுன்னு கேட்டா. எனக்கு என் மேல இருந்த எரிச்சல்ல படபடன்னு சொல்லிக் கொட்டினேன். தேடறதுக்கு ஒரு பட்டியல் உண்டு, டிக் இல்லாத இடம் பட்டியல்ல வராது, செஞ்சு பார்த்து எழுதற என் பாழாய்ப்போன பழக்கத்தால அஞ்சாவது படியில டிக்கை எடுத்துட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கேன், ஆறாவது படியில திரும்பப் போடணும், போடல, அதனாலதான்னேன். முட்டாள்தனம்னேன்.

அக்கா அந்தப் பழைய கையேட்டுப் பக்கத்தைப் பார்த்துகிட்டே நின்னா. "ஆறாவது படிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"நேரமா? ஒரு க்ளிக்."

"அந்த ஒரு க்ளிக்கைக்கூடப் பண்ணாமயா எழுந்து ஓடி வந்தே?"

அப்படி ஒண்ணை நான் யோசிச்சதே இல்லை. போனை வச்சது ஞாபகம் இருக்கு, பஸ் ஜன்னல் ஞாபகம் இருக்கு, நடுவுல ஒண்ணும் ஞாபகம் இல்லை. அக்கா கண்ணாடியைக் கழட்டிட்டா. "திரைச்சீலை எரியும்போது கணக்கை முடிச்சிட்டு எழுந்தவடி நீ"ன்னா. சொல்லும்போதே குரல் உடைஞ்சுது. தோள்லேர்ந்து பையை இறக்கித் தரையில வச்சா. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தா.

அவ உட்கார்ந்ததும் நான் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினேன், பழக்கதோஷம். அக்கா என் மணிக்கட்டைப் பிடிச்சா.

"டீ இருக்கட்டும். வந்து பக்கத்துல உட்காரு. ஒண்ணும் செய்ய வேண்டாம்."

உட்கார்ந்தேன். இருட்ட ஆரம்பிச்சு, வேலையிலேர்ந்து வந்த வீட்டுக்காரர் லைட்டைப் போடற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கேயேதான் இருந்தோம்.